போர் நாவலில் படிமமும் முரணும்: ரெமார்க்கை முன்வைத்து ஒரு வாசிப்பு வழிகாட்டி

போர் நாவலைப் புதிதாக வாசிக்க வருபவர்கள் குண்டு வெடிக்கும் பக்கங்களில்தான் பென்சிலை எடுக்கிறார்கள். ரத்தம், சிதறிய உடல், அலறல் என்று எல்லாவற்றுக்கும் அடிக்கோடு விழுகிறது. படித்து முடித்ததும் மனம் கனத்துப்போகிறது. ஆனால் நாவலாசிரியர் அதை எப்படிச் சாதித்தார் என்று கேட்டால், "தத்ரூபமாக எழுதியிருக்கிறார்" என்பதற்கு அப்பால் பேச்சு நகர்வதில்லை. இலக்கிய வகுப்புக்குக் கட்டுரை எழுத உட்காரும் மாணவரும், வாசகர் வட்டத்தில் பேச ஒப்புக்கொண்டவரும் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். அவர்களுக்காகச் சில படிகளைச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு எரிக் மரியா ரெமார்க்கின் முதல் உலகப்போர் நாவலை எடுத்துக்கொள்வோம். 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' என்ற ஆங்கிலத் தலைப்பில் உலகெங்கும் அறியப்பட்ட நூல். ரெமார்க் 1898இல் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரில் பிறந்தவர். பதினெட்டு வயதில் படைக்கு அழைக்கப்பட்டு, 1917 கோடையில் மேற்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். சில வாரங்களிலேயே குண்டுச் சிதறல்கள் பட்டு மருத்துவமனைக்குப் போனார். நாவல் 1928 நவம்பரில் பெர்லின் நாளிதழ் ஒன்றில் தொடராகத் தொடங்கி, 1929 ஜனவரியில் புத்தகமாக வந்தது. 1933 மே மாதம் நாஜிகள் தீயிலிட்ட புத்தகங்களில் இதுவும் இருந்தது.

தீயிடும் அளவுக்கு இதில் என்ன இருந்தது? இந்த நூல் குற்றச்சாட்டும் அல்ல, வாக்குமூலமும் அல்ல என்று முன்குறிப்பிலேயே ரெமார்க் சொல்லிவிடுகிறார். கதைசொல்லி பால் பாய்மர் பள்ளி வகுப்பிலிருந்து நேராகப் போர்முனைக்கு வந்த இளைஞன். சில இடங்களில் அவன் கசந்து பேசுகிறான் என்பது உண்மை. அந்தப் பேச்சையெல்லாம் நீக்கிவிட்டாலும் குற்றச்சாட்டு நூலில் அப்படியே நிற்கும். எந்தப் பொருளின் பக்கத்தில் எந்தப் பொருள் வைக்கப்பட்டிருக்கிறது என்பதில் அது இருக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த வைப்புமுறையைக் கண்டுபிடிப்பதற்கானவை.

முதல் படி: முழுதும் வாசியுங்கள், பிறகு பொருள்களை மட்டும் குறியுங்கள்

முதல் வாசிப்பில் எதையும் எழுத வேண்டாம். பன்னிரண்டு அத்தியாயங்கள், சிறிய நூல். 1929இலேயே வந்த ஏ. டபிள்யூ. வீன் மொழிபெயர்ப்பும் இருக்கிறது, பின்னாளில் வந்த பிரையன் மர்டாக் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. எது கிடைத்தாலும் போதும். ரெமார்க்கின் படிமங்கள், அதாவது புலன்களில் படும்படி அவர் காட்டும் காட்சிகள், பெரும்பாலும் சொல்விளையாட்டை நம்பாமல் பொருள்களை நம்பி நிற்பவை. அதனால் மொழிபெயர்ப்பில் அவை சேதமாவதில்லை.

இரண்டாவது வாசிப்பில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொள்ளுங்கள். 'நம்பிக்கையின்மை', 'மனிதநேயம்' போன்ற பெரிய சொற்களை அதில் எழுதாதீர்கள். கையால் தொடக்கூடியதை, மூக்கில் ஏறக்கூடியதை, காதில் விழக்கூடியதை மட்டும் எழுதுங்கள்: அவரைக்கொட்டை, காலணி, பிசின் வாசனை, குதிரையின் கதறல், செர்ரிப்பூ. ஒவ்வொன்றுக்கும் மூன்று குறிப்புகள் வேண்டும். எந்த அத்தியாயம், பக்கத்தில் என்ன இருக்கிறது, அதைப் பார்க்கும் பாய்மருக்கு என்ன தோன்றுகிறது. மூன்றாவது குறிப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வாசகர் துடிக்கும் இடத்தில் பாய்மர் நிம்மதியாக இருப்பான். வாசகர் சாதாரணமாகக் கடந்துபோகும் இடத்தில் அவன் உடைந்து அழுவான். அந்த இடைவெளியில்தான் நாவலின் வேலை நடக்கிறது.

இரண்டாம் படி: முதல் பக்கத்திலேயே நின்று கணக்குப் போடுங்கள்

நாவல் போர்க்களத்தில் தொடங்குவதில்லை. முனையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் பின்னால், வயிறு நிறைந்த நிலையில் தொடங்குகிறது. வெள்ளை அவரையும் மாட்டிறைச்சியும் சேர்த்துச் சமைத்த உணவு. ஆளுக்கு இரண்டு மடங்கு ரொட்டி, இரண்டு மடங்கு தொத்திறைச்சி, புகையிலையும் தாராளம். வீரர்கள் திருப்தியாக இருக்கிறார்கள், அன்றைய நாள் அமர்க்களமாகப் போகிறது என்று மகிழ்கிறார்கள்.

காரணம் சற்றுப் பின்னால்தான் வருகிறது. சமையற்காரர் 150 பேருக்குச் சமைத்திருந்தார். முனைக்குப் போன அணி அமைதியான பகுதி என்று நினைத்த இடத்தில் கடைசி நாளன்று பீரங்கித் தாக்குதலில் சிக்கியது. திரும்பி வந்தவர்கள் 80 பேர். மீதிப் பேர் மருத்துவமனையில் கிடக்கிறார்கள், அல்லது மண்ணுக்குள் இருக்கிறார்கள்.

இப்போது ஒரு பரிசோதனை செய்யுங்கள். இந்தக் காட்சியிலிருந்து உணவை எடுத்துவிட்டு, "150 பேரில் 80 பேர் மட்டுமே திரும்பினோம்" என்ற தகவலை மட்டும் விட்டுவைத்துப் பாருங்கள். செய்தித்தாள் வரி போல ஆகிவிடுகிறது. உணவைத் திரும்ப வைத்ததும் வேறொன்று நடக்கிறது: எழுபது பேருடைய பங்கு உயிரோடு இருப்பவர்களின் தட்டில் விழுகிறது, அவர்கள் அதை ருசித்துச் சாப்பிடுகிறார்கள். கழித்தல் கணக்கை நாவலாசிரியர் போட்டுக் காட்டுவதில்லை. நம்மைப் போட வைக்கிறார். சமையற்காரர் முதலில் கூடுதல் பங்கைத் தர மறுப்பதும், கணக்கு உதைக்கிறது என்று அவர் குழம்புவதும் சிரிப்பை வரவழைக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. சிரித்து முடித்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்று உறைக்கிறது.

இப்படி நீக்கிப் பார்ப்பதை எல்லாப் படிமங்களுக்கும் செய்யலாம். நீக்கினாலும் காட்சி அப்படியே நின்றால், அது வெறும் அலங்காரம். காட்சி சரிந்தால், அங்கே எழுத நிறைய இருக்கிறது.

மூன்றாம் படி: ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு நாவல் முழுக்க நடங்கள்

புதியவர்களுக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது காலணியை. ஃபிரான்ஸ் கெம்மெரிக் பாய்மரின் வகுப்புத் தோழன், மருத்துவமனையில் கிடக்கிறான். அவனுடைய ஒரு காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். கட்டிலுக்கு அடியில் ஆங்கில விமானியின் பூட்ஸ் இருக்கிறது: மென்மையான மஞ்சள் தோல், முழங்கால்வரை கயிறு போட்டுக் கட்டுவது. பார்க்க வந்த இன்னொரு தோழன் முல்லருக்கு அதன்மேல் கண். ஒரு கால் இல்லாதவனுக்கு இனி இது எதற்கு, இங்கேயே விட்டுவிடேன் என்று கேட்கத் தொடங்குகிறான். பாய்மர் அவன் காலை மிதித்து நிறுத்துகிறான்.

வாசகருக்கு முல்லர்மேல் கோபம் வரும். வரட்டும். ஆனால் கட்டுரையில் அவனைக் கல்நெஞ்சன் என்று எழுதிவிடாதீர்கள். பாய்மரே அவனுக்காக வாதாடுகிறான். அந்தக் காலணி கெம்மெரிக்குக்குப் பயன்பட்டால், அதைப் பிடுங்குவதைவிட முள்கம்பிமேல் வெறுங்காலோடு நடக்க முல்லர் தயாராக இருப்பான் என்கிறான். இப்போது அது பயன்படாது. நல்ல காலணியோ அரிது. முனையில் மிஞ்சுவது நடைமுறைக் கணக்கு மட்டும்.

கெம்மெரிக் சாகும்போது பாய்மர் மட்டுமே அருகில் இருக்கிறான். காலணியை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறான். அடுத்து வருவதை ஊன்றிப் படியுங்கள். துக்கத்தை எதிர்பார்க்கும் நமக்கு ஓட்டம் கிடைக்கிறது. காற்று முகத்தில் படுகிறது. மண்ணிலிருந்து ஒரு வலு காலடி வழியாக உடம்பில் ஏறுகிறது. வயிற்றுப் பசியைவிடப் பெரிய பசி ஒன்று எழுகிறது. நண்பன் இறந்த சில நிமிடங்களில் உயிரோடிருக்கும் உடம்பின் மகிழ்ச்சி பொங்குகிறது. கால் இழந்து இறந்தவனின் காலணி கையில் இருக்க, ஓடுகிறவனின் கால்களைப் பற்றிப் பேசுகிறது அந்தப் பத்தி. இதைவிடக் கூர்மையான முரண் நாவலில் அதிகம் இல்லை. அத்தியாயம் எப்படி முடிகிறது? முல்லர் வெளியே காத்திருக்கிறான், காலணியைப் போட்டுப் பார்க்கிறான், கச்சிதமாகப் பொருந்துகிறது.

பதினோராம் அத்தியாயத்தில் முல்லர் வயிற்றில் சுடப்பட்டு இறக்கிறான். காலணி பாய்மருக்கு வருகிறது. தனக்குப் பிறகு அது ட்யாடன் என்ற சக வீரனுக்கு என்று பாய்மர் வாக்குக் கொடுத்திருக்கிறான். அந்த வாக்கைச் சொல்லும் வரி மிகச் சாதாரணமாக இருக்கிறது. சாவு வரிசையில் தன் இடத்தை ஒருவன் இவ்வளவு இயல்பாகச் சொல்லும் நிலைக்கு வந்திருப்பது, நடுவில் கடந்துபோன ஒன்பது அத்தியாயங்களின் கொடுமையை உணர்த்திவிடுகிறது. மனிதர்கள் தேய்கிறார்கள், தோல் தேயவில்லை.

ஒரு படிமம் முதல்முறை வரும்போது அதைப் பற்றி முடிவு கட்டாதீர்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை வரும்போது என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

நான்காம் படி: இயற்கையைக் கண்டதும் 'அமைதியின் குறியீடு' என்று எழுதிவிடாதீர்கள்

சங்கப் பாடல்களைக் கொஞ்சமாவது படித்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. பூவும் பறவையும் வெறும் பின்னணியாக வருவதில்லை, மனநிலையைச் சுமந்து வருகின்றன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது: ஒரு பொருளுக்கு ஒரே அர்த்தம் என்று தீர்ப்பு எழுதிவிடுவது. ரெமார்க்கின் இயற்கை அப்படி அடங்குவதில்லை.

ஆறாம் அத்தியாயத்தில் இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன. மஞ்சள் சிறகுகளில் சிவப்புப் புள்ளிகள். பதுங்குகுழிக்கு முன்னால் ஒரு காலைப்பொழுது முழுவதும் விளையாடுகின்றன. சுற்றுவட்டாரத்தில் செடியும் இல்லை, பூவும் இல்லை. இவை எப்படி வந்தன என்று பாய்மர் வியக்கிறான். கடைசியில் அவை ஓய்வெடுக்க உட்காரும் இடம் ஒரு மண்டையோட்டின் பற்கள். "அழகும் கோரமும் அருகருகே" என்று இதைப் பற்றி எழுதினால் தவறில்லை, ஆனால் அரைகுறை. பூ இருக்க வேண்டிய இடத்தில் பல் இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். பூச்சிக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதைச் சொல்லுங்கள். இயற்கை இங்கே மனிதருக்காக அழவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை.

அடுத்த அத்தியாயத்தில் பாய்மர் விடுப்பில் வீட்டுக்குப் போகிறான். வீட்டுச் சுவரில் கண்ணாடிப் பெட்டி ஒன்று: சிறுவனாக இருந்தபோது அவன் பிடித்துச் சேர்த்த வண்ணத்துப்பூச்சிகள். இரண்டு அத்தியாயங்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். போர்முனையில் பறப்பவை உயிருள்ள பூச்சிகள், அவை உட்காருவது செத்த மனிதன்மேல். வீட்டில் இருப்பவை செத்த பூச்சிகள், அவற்றைப் பார்ப்பவன் இன்னும் உயிரோடு இருப்பவன். ஆனால் அந்த வீட்டில் அவனால் பழைய பாய்மராக இருக்க முடியவில்லை. அவனுடைய பால்யம் பெட்டிக்குள் ஊசி குத்தி வைக்கப்பட்டுவிட்டது. ரெமார்க் இந்தத் தொடர்பை எங்கும் சொல்லிக்காட்டவில்லை; இணைப்பது வாசகர் வேலை.

டெட்டரிங் என்ற விவசாயியின் கதையையும் சேர்த்துப் படியுங்கள். நான்காம் அத்தியாயத்தில் காயம்பட்ட குதிரைகள் கதறும்போது மற்றவர்களைவிட அதிகம் துடிப்பவன் அவன்தான். குதிரைகளைப் போருக்கு இழுத்து வந்தது மிகக் கேவலம் என்கிறான். பதினோராம் அத்தியாயத்தில் ஒரு மாலை, ஏதோ ஒரு தோட்டத்தில் பூத்து நிற்கும் செர்ரி மரத்தைப் பார்த்துவிடுகிறான். சொந்தத் தோட்டத்து நினைப்பு பற்றிக்கொள்கிறது. சில நாட்களில் படையை விட்டு ஓடுகிறான். அதுவும் தப்பிக்க வழியுள்ள ஹாலந்துப் பக்கம் போகாமல் நேராகத் தன் ஊரை நோக்கி. ராணுவப் போலீஸ் பிடித்துவிடுகிறது. அதன்பின் அவனைப் பற்றித் தகவலே இல்லை. இங்கே பூத்த மரம் ஆளைக் கொல்கிறது. 'அமைதியின் குறியீடு' என்ற வாய்பாடு செர்ரி மரத்திடம் செல்லாது.

மண்ணும் அப்படித்தான். குண்டு விழும்போது வீரன் தாயை அணைப்பது போல மண்ணை அணைக்கிறான், அதற்குள் முகம் புதைக்கிறான். அதே நான்காம் அத்தியாயத்தில் கல்லறைத் தோட்டத்தின்மேல் குண்டுகள் விழுகின்றன. சவப்பெட்டிகள் மேலே வீசப்படுகின்றன. பாய்மர் ஒரு சவப்பெட்டிக்கு அடியில் நுழைந்து உயிர் பிழைக்கிறான். இறந்தவர்கள் இரண்டாம் முறை கொல்லப்படுகிறார்கள், சிதறிய ஒவ்வொருவரும் உயிருள்ள ஒருவனைக் காப்பாற்றுகிறார்கள். பிறப்பு, அடைக்கலம், புதைகுழி மூன்றும் ஒரே மண்ணில். இந்த அத்தியாயத்தை மட்டும் வைத்தே நல்ல கட்டுரை ஒன்று எழுதிவிடலாம்.

ஐந்தாம் படி: இடங்களை ஜோடியாக்குங்கள்

இது எளிது. முனை எதிர் வீடு, பள்ளி எதிர் பதுங்குகுழி, மருத்துவமனை எதிர் அணிவகுப்புத் திடல் என்று ஒரு பக்கம் எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன்.

ஆறாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில், பெரிய தாக்குதலுக்கு முன்பாக, படை ஒரு பள்ளிக்கூடத்தைக் கடந்து போகிறது. குண்டுபட்டுச் சிதைந்த கட்டடம். அதன் பக்கவாட்டில் புத்தம்புதிய சவப்பெட்டிகள் சுவர்போல அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன, குறைந்தது நூறு. மெருகு போடாத மரம். பிசின் வாசனையும் பைன் வாசனையும் காட்டு வாசனையும் இன்னும் போகவில்லை. தங்களுக்குத்தான் என்று வீரர்களுக்குத் தெரியும். கேலி பேசிக்கொண்டு நகர்கிறார்கள். நாவலாசிரியர் ஒரு கிடங்கையோ தேவாலயத்தையோ தேர்ந்தெடுத்திருக்கலாம். பள்ளியைத் தேர்ந்தெடுத்தார். இந்தப் பையன்களை வகுப்பறையில் பேசிப் பேசியே படைக்கு அனுப்பிவைத்தவர் காண்டோரெக் என்ற ஆசிரியர் என்பதை நாம் முன்பே படித்திருக்கிறோம். ஆசிரியரின் பேச்சு எங்கே போய் முடிந்தது என்பதை ஒரு கட்டடமும் அதன்மேல் சாய்ந்த மரப்பெட்டிகளும் காட்டிவிடுகின்றன. அந்த அத்தியாயத்தின் முடிவில் அணியில் எண்ணிக்கை எடுக்கிறார்கள்: 32 பேர். முதல் பக்கத்து 150ஐயும் 80ஐயும் இங்கே மறக்காமல் திருப்பிப் பாருங்கள்.

ஆறாம் படி: வாக்கியம் எப்படி நடக்கிறது என்று கேளுங்கள்

படிமம் சொல்லப்படும் குரலையும் கவனிக்க வேண்டும். கொடூரம் நெருங்க நெருங்க ரெமார்க்கின் வாக்கியங்கள் குறுகுகின்றன, உணர்ச்சிச் சொற்கள் உதிர்கின்றன. காட்சின்ஸ்கியின் சாவைப் பாருங்கள். பாய்மருக்கு அண்ணனும் அப்பாவும் போல இருந்தவர். கீழ்க்காலில் காயம்பட்ட அவரைப் பாய்மர் முதுகில் தூக்கிக்கொண்டு குண்டுமழைக்குள் நடக்கிறான். சிகிச்சை முகாமை அடைந்ததும் அங்கிருந்த ஆள் இவ்வளவு தூரம் சுமந்தது வீண் என்கிறார். வழியில் ஒரு சிறு துண்டு தலையில் பாய்ந்திருக்கிறது. அழுகைக்கு அங்கே இடம் ஒதுக்கப்படவில்லை.

நாவலின் கடைசிப் பத்தியில் குரலே மாறுகிறது. அதுவரை 'நான்' என்று, பெரும்பாலும் நிகழ்காலத்தில் பேசிய கதை, திடீரென்று 'அவன்' என்று இறந்தகாலத்துக்குத் தாவுகிறது. 1918 அக்டோபரில், மேற்கு முனையில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை என்று ராணுவ அறிக்கை ஒரே வரியில் சொல்லிய ஒரு நாளில் அவன் விழுந்தான். அந்த அறிக்கை வரிதான் ஜெர்மன் தலைப்பு. ஒரு முழு வாழ்க்கை ஒரு பக்கம், அதைக் கணக்கில் சேர்க்காத அலுவலக வாசகம் மறுபக்கம். இலக்கணத்தாலேயே கட்டப்பட்ட முரண் இது. கட்டுரையில் இதைக் குறிப்பிடாமல் விட்டால் பெரிய இழப்பு.

ஏழாம் படி: எழுதத் தொடங்குங்கள்

நோட்டில் முப்பது நாற்பது பொருள்கள் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் கட்டுரைக்குள் திணிக்காதீர்கள். நீக்கிப் பார்த்தபோது காட்சி சரிந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொன்றையும் எழுதும்போது பொருளை முதலில் வையுங்கள், கருத்தைப் பிறகு வையுங்கள். "போர் மனிதத்தன்மையை அழிக்கிறது என்பதைக் காலணி காட்டுகிறது" என்று தொடங்கினால் வாசகருக்கு மேற்கொண்டு படிக்க எதுவும் மிச்சமில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த மஞ்சள் பூட்ஸிலிருந்து தொடங்குங்கள்; யார் கேட்டான், யார் மிதித்தான், யாருக்குப் பொருந்தியது என்று நடத்திக்கொண்டு போங்கள்; கருத்து தானாகவே வந்து சேரும். மேற்கோள்களைச் சிறிதாக எடுங்கள். "மனதை உருக்குகிறது", "கண்ணீரை வரவழைக்கிறது" போன்ற தொடர்களை வரைவிலேயே அடித்துவிடுங்கள். ரெமார்க் அடக்கிவைத்த அழுகையைக் கட்டுரையாளர் அவிழ்த்துவிட வேண்டியதில்லை.

எந்த முரணுக்கும் இரு பக்கமும் எழுதுங்கள். பதுங்குகுழியைப் பற்றி நான்கு பத்தியும் வீட்டைப் பற்றி நான்கு வரியும் எழுதினால் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தாய் எடுத்துவைத்திருந்த பழப்பாகும் உருளைக்கிழங்கு அடையும், இப்போது உடம்புக்குப் பற்றாத பழைய சட்டையும், எடுத்துப் புரட்டியும் பேசாமல் இருக்கும் புத்தக அலமாரியும் போர்க்காட்சிகள் அளவுக்கே முக்கியமானவை.

பயிற்சிக்கு எட்டாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டையான அத்தியாயம், பலர் புரட்டிக் கடந்துவிடுவது. பாய்மர் பயிற்சி முகாமில் இருக்கிறான். பக்கத்தில் ரஷ்யக் கைதிகளின் முகாம். ஒரு பக்கம் நிறம் மாறிக்கொண்டே இருக்கும் பிர்ச் மரங்கள், மறுபக்கம் கம்பி வேலிக்குப் பின்னால் பசியோடு நிற்கும் தாடி வைத்த விவசாய முகங்கள். ஒரு கட்டளைச் சொல் இவர்களை எதிரிகளாக்கியது, இன்னொரு கட்டளைச் சொல் நண்பர்களாக்கிவிடும் என்று பாய்மர் யோசிக்கும் இடத்துக்கு முன்னும் பின்னும் என்னென்ன பொருள்கள் வருகின்றன என்று பட்டியல் எடுங்கள். தன்னிடம் இருக்கும் எதை அவன் வேலி வழியாக நீட்டுகிறான், அதற்கு முன் அதை என்ன செய்கிறான் என்று பாருங்கள். அந்த ஒரு செயலை வைத்து இருநூறு சொற்களில் ஒரு பத்தி எழுதி, முதல் அத்தியாயத்து உணவுக் காட்சிக்குப் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள்.